விரும்பினால் என்ற ஒரு சொல்

தேயிலையை உலர்த்தும் டிரையரின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அழுத்தினால் டிரையர் நிற்கும். அதற்குத் தேயிலையைக் கொண்டுவரும் கன்வேயர் நிற்காது. ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தொழிற்சாலையில் அந்தப் பிரிவைக் கவனித்துவந்த பெண்ணை எல்லோரும் டிரையர் அக்கா என்போம். கன்வேயர் ஏன் நிற்பதில்லை என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

நான் அங்கே கணினிப் பொறியாளன். இரண்டு இயந்திரங்களும் வெவ்வேறு நிறுவனங்களுடையவை. ஒன்றின் கணினி சொல்வது மற்றதற்குப் புரியாது. அதனால் இயந்திர நிறுவனங்களும் தேயிலைத் தொழிற்சாலைகளும் சேர்ந்து, எல்லாவற்றுக்கும் பொதுவான விதிமுறை எழுதப் பக்கத்து ஊரான தானா ராத்தாவில் குழுவாகக் கூடினோம். அக்கா ஒரே ஒரு கோரிக்கையைச் சொல்லி அனுப்பினார். "ஒரு மிஷினு நின்னா பக்கத்து மிஷினும் நிக்கணும் தம்பி. வேற ஒண்ணும் வேணாம்லா."

ஈரப்பத அளவில் புள்ளிக்குப் பிறகு எத்தனை இலக்கம் வேண்டும் என்று அரைநாள் வாதாடிய குழு, இதற்குப் பத்து நிமிடம்கூடத் தரவில்லை. தன் கருவிகளை மாற்ற வேண்டியிருக்கும் என்று கன்வேயர் நிறுவனம் முகம் சுளித்தது. உடனே 'கட்டாயம்' என்பதை அடித்துவிட்டு 'விரும்பினால்' என்று எழுதினார்கள். ஒத்துழைப்பு குலையக் கூடாது என்று நானும் கையெழுத்திட்டேன். அதைவிடக் கேவலம், அந்தச் சொல் மாறியதை அக்காவிடம் சொல்லாமல் இருந்தது.

அந்த விதிமுறைப்படி இயந்திரங்களை இணைத்ததும், இனி எல்லா இயந்திரமும் ஒன்றோடொன்று பேசும் என்று மேலாளர் தொழிலாளர்களிடம் பெருமையாக அறிவித்தார். அக்கா நம்பினார். ஒருநாள் காலை, டிரையரின் வாயில் சிக்கிய இலையை எடுக்கப் பொத்தானை அழுத்திவிட்டுக் கையை நுழைத்தார். கன்வேயர் ஓடிக்கொண்டிருந்தது. வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணை அறிக்கை 'ஊழியரின் கவனக்குறைவு' என்றது. இந்த முறை நான் கையெழுத்திட மறுத்தேன். நடந்ததை எழுதிக் குழுவின் எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பினேன். அடுத்த பதிப்பில் அந்த விதி கட்டாயமானது.

அதைக் கொண்டாடக் குழுவினர் ஒரு கூட்டம் வைத்து அக்காவையும் அழைத்தார்கள். தொழில்துறையின் ஒற்றுமைக்குக் கிடைத்த வெற்றி என்று குழுத் தலைவர் பேசி முடித்து, அக்காவின் கையில் பூங்கொத்தைக் கொடுத்தார். அக்கா அதை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"விதிய மாத்திட்டீங்க, சரி. ரிப்போர்ட்டுல என் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கே, அத எப்ப மாத்துவீங்க?"

அறிக்கை இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.