ஏகாம்பரத்துக்கு மட்டும் தெரிந்த நம்பர்

மலேசியா போன இரண்டாம் நாள் காலை, பத்துமலைப் படிகளில் பாதி ஏறிய ஏகாம்பரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சாலவாக்கத்தில் நெல் பயிரிடுபவர். மனைவி கஸ்தூரியோடு முதல் வெளிநாட்டுப் பயணம். நான் அந்த குரூப்பின் டூர் மேனேஜர். உத்திரமேரூரில் ஒரு சின்ன டிராவல்ஸில் அப்போது எனக்குப் பத்து வருட சர்வீஸ்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே அவருக்கு நினைவில்லை. முதலுதவி செய்தார்கள். உடனே ஆஞ்சியோ செய்ய வேண்டும், டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள். இன்சூரன்ஸ் அனுமதி வர மாலையாகும். கம்பெனி எனக்குக் கொடுத்த கார்டின் லிமிட் ஓட்டல் பில்லோடு முடிந்திருந்தது.

ஏகாம்பரத்தின் செலவுப் பணம் முழுவதும் அவர் சட்டைப் பையில், வெளிநாட்டில் செலவழிக்க முன்கூட்டியே பணம் போட்டுக்கொள்ளும் ஒரே ஃபாரெக்ஸ் கார்டில் இருந்தது. மகளுக்கு நகை வாங்க நினைத்து நிறையவே போட்டிருந்தார். டெபாசிட்டுக்குத் தாராளமாகப் போதும்.

"பின் நம்பர் என்னம்மா?"

"தெரியாது சார். எனுக்கு அதெல்லாம் சொல்ல மாட்டாரு."

மகள் பிறந்த வருடத்தை அடித்தோம். தப்பு. கல்யாண வருடம். தப்பு. கடைசியாக டிராக்டர் நம்பர். கார்டு லாக் ஆகிவிட்டது.

"முப்பத்தஞ்சு வருசமா குடும்பம் பண்ணிக்கினு கீறேன். ஒரு நம்பர் தெரியலயே சார்" என்றார் கஸ்தூரி.

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார்டு போட்ட அன்று அவர் எங்கள் ஆபீசில் கேட்டிருந்தார்: "எம் பேர்லயும் ஒண்ணு போட முடியுமா சார்?"

"நீ இன்னாத்துக்கு? நான் கூடவேதான வரேன்" என்றார் ஏகாம்பரம்.

நானும் சிரித்து, "சார் இருக்கும்போது உங்களுக்கு ஏம்மா டென்ஷன்?" என்றேன். இரண்டாவது கார்டுக்கு இன்னொரு ஃபாரம் நிரப்ப வேண்டும். எனக்குச் சாப்பாட்டு நேரம். அதுதான் உண்மைக் காரணம்.

குரூப்பில் இருந்தவர்கள் பர்ஸைக் கொட்டிக் கொடுத்தார்கள். டெபாசிட் சேர இரண்டரை மணி நேரம் ஆனது. சிகிச்சை நடக்கும்போதே ஏகாம்பரம் இறந்துவிட்டார்.

"முன்னாடியே செய்திருந்தால்?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"சொல்ல முடியாது" என்றார்.

திரும்பி வரும் விமானத்தில் கஸ்தூரி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தக் கார்டுல கீற பணத்த எப்டி சார் எடுக்கறது? காரியம் பண்ணணுமே." இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என்று அது கைக்கு வர மாதக்கணக்கானது. காரியத்துக்குக் கடன்தான் வாங்கினார்.

அதன்பிறகு தம்பதியாக வருபவர்களுக்கு ஒரே கார்டு போட நான் சம்மதிப்பதில்லை. ஆளுக்கொரு கார்டு, பாதிப் பாதிப் பணம், தனித்தனிப் பையில் கொஞ்சம் ரொக்கம். போய் இறங்கியதும் மனைவியையே ஏடிஎம்மில் நம்பர் அடித்துப் பணம் எடுக்கச் சொல்வேன்.

போன மாதம் மனைவியோடு வந்த வாலாஜாபாத்காரர் ஒருவர், இரண்டு கார்டு என்றதும் எகிறினார்: "இன்னா சார், ஏரோபிளேன் ஏறறதுக்கு முன்னாடியே என்ன சாவடிக்கிறியா?"

"அப்படியும் நடக்கும்னு நினைச்சுத்தான் சார் பணத்தைப் பிரிக்கணும்" என்றேன்.

கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டார். வேறு டிராவல்ஸில் ஒரே கார்டோடு போயிருப்பார். அந்த புக்கிங் போனதில் எனக்கு வருத்தமில்லை. அவர் பின்னாலேயே போன மனைவி, வாசலில் நின்று ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது.