பின்னால் இடமில்லை

லிஃப்டுக்குள் சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி, முன்சக்கரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, "மன்னிச்சிக்கங்க, மன்னிச்சிக்கங்க" என்றபடி நிற்கிறார் ஜெகதீஸ்வரி அக்கா. நாங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறோம். பதினோராவது மாடி வருவதற்குள் ஹேண்டில் யார் விலாவில் இடிக்கும் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கீழே பூட்டி வைக்கலாமே என்றால், "அப்படித்தான் ஒன்னு போச்சு தம்பி. ரெண்டு பூட்டு போட்டேன். பூட்டு ரெண்டையும் விட்டுட்டு சைக்கிள கொண்டுட்டு போயிட்டான்லா" என்பார்.

அக்காவுக்கு அறுபது வயது. ஜார்ஜ் டவுன் டத்தோ கிராமாட் சாலை அடுக்குமாடியில் என் பக்கத்து வீடு. ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். சிறு வயதில் ஏறிய சைக்கிளிலிருந்து இன்னும் இறங்கவில்லை. விழுந்திருக்கிறார், அது வேறு விஷயம். ஜார்ஜ் டவுனில் அவர் விழாத தெரு குறைவு. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஊரே நாசி கண்டார் கறிச்சோற்று வாசனைக்கு வரிசையில் நிற்கும். அக்கா மட்டும் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டி, "இங்கதான் என் பல்லு போச்சு" என்பார், உறவுக்காரரை அறிமுகப்படுத்துவது போல.

ஒவ்வொரு விழுப்புண்ணும் அவரிடம் ஒரு பழக்கத்தை விட்டுப் போயிருக்கிறது. ஓரமாக நின்ற கார் ஒன்றின் கதவு திடீரென்று திறந்து அவரைத் தள்ளிவிட்டது. அன்றிலிருந்து நிற்கிற கார் ஒவ்வொன்றுக்குள்ளும் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டேதான் போவார். ஏதோ உதவி கேட்கிறார் என்று எண்ணி ஒரு சீனப் பெரியவர் கண்ணாடியை இறக்கிச் சில்லறையை நீட்டினாராம். இன்னொரு முறை, கை காட்டித் திரும்பப்போய் நேராகச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டார். அதன் பிறகு ஹேண்டிலிலிருந்து கையை எடுப்பதே இல்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் எடுக்க மாட்டார். திரும்ப வேண்டுமானால், "ரைட்டு! ரைட்டு!" என்று ஒரு கத்தல். எதிரே வந்து நாம் கையசைத்தால் தலையை மட்டும் ஆட்டுவார். "கைய விட்டா போச்சு தம்பி."

இத்தனை பயத்தோடு ஏன் ஓட்ட வேண்டும், பஸ்ஸில் போகலாமே என்று கேட்டிருக்கிறேன். "பஸ்ஸ எவனோ ஓட்டுறான். இதுல விழுந்தா நானே விழுந்தேன்னு இருக்கும்லா" என்றார்.

சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய பிஸ்கட் டின், பழைய டியூபைக் கீறி எடுத்த வாரால் இறுக்கிக் கட்டியிருக்கும். ஒருநாள் பாசாரில் கை கொள்ளாத சாமானோடு நின்ற நான், "இதில கொஞ்சம் வச்சிக்கிறேங்க்கா" என்றேன். "அதுல எடமில்ல" என்றார் பட்டென்று. தட்டிப் பார்த்தேன். காலி டின்.

பிறகொரு மாலை லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. நானும் அவரும் சைக்கிளும்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், காலி டின்னுக்கு எதற்கக்கா இவ்வளவு கட்டு என்று கேட்டுவிட்டேன்.

"ஷர்மினிக்கு அப்ப ஏழு வயசு" என்றார். ஷர்மினி அவருடைய ஒரே மகள். இடது காலைச் சற்று இழுத்து நடப்பாள். எங்களுக்கெல்லாம் பழகிப்போன நடை. "பின்னால ஒக்கார வச்சி ஸ்கூலுக்கு போறேன். எனக்கு வேலைக்கு லேட்டு. 'ம்மா'ன்னா. சும்மா வாடின்னேன். மிதி இறுகுச்சு. செயின்தான் புடிக்குதுன்னு நெனச்சேன் தம்பி. இன்னும் அழுத்தி மிதிச்சேன்."

குழந்தையின் குதிகால் சக்கரக் கம்பிக்குள் போயிருந்தது.

"அழுத்தி மிதிச்சேன்" என்று மறுபடியும் சொன்னார். லிஃப்ட் குலுங்கி நகர்ந்தது. அந்தக் கேரியரில் இனி யாரும் உட்காரக் கூடாது என்றுதான் டின்.

போன தைப்பூசத்துக்கு முந்தைய நாள், அந்த டின்னை அவிழ்க்க வேண்டி வந்தது. ஷர்மினிக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்திருந்தது. பட்டர்வொர்த்தில் ரயில், அதற்கு முன் கடலைத் தாண்ட ஃபெர்ரி. இந்த ரயிலை விட்டால், விடுமுறைக் கூட்டத்தில் வேறு டிக்கெட் கிடையாது. வேலையில் சேரும் நாளும் தவறிவிடும். ரதம் எங்கள் சாலையைக் கடந்து போயிருந்தது, ஆனால் மறித்த தடுப்புகளை இன்னும் எடுக்கவில்லை. கூப்பிட்ட கிராப் டாக்சி எதுவும் வரவில்லை. என் மோட்டார் சைக்கிளையும் போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார்; மிதிக்கிற சைக்கிளை மட்டும் விட்டார். சாலை முழுக்க ரதத்துக்கு உடைத்த தேங்காய்.

ஷர்மினி யாரையும் கேட்கவில்லை. குனிந்து வாரை அவிழ்த்து, டின்னை என் கையில் கொடுத்தாள்.

"ஏறும்மா."

"வேணாண்டி. ரோடு பூரா ஓடு கெடக்கு. நடந்தே போயிருவோம்."

"என் நடைக்கு ரயிலு நிக்குமாம்மா?"

அக்கா ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டார். "கால தூக்கிக்குவியா?"

"எனக்கு இருவத்தெட்டு வயசாச்சும்மா."

"தூக்கிக்குவியாடி?"

"தூக்கிக்கிறேன்."

அக்கா ஏறினார். ஒரு மிதி மிதித்துவிட்டு இறங்கி, பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். மறுபடியும் ஏறினார். ரயில் கிடைத்துவிட்டது என்று பிறகு ஷர்மினி போன் செய்தாள். ஆனால் அதற்குள் என் நெஞ்சில் தங்கிவிட்டது வேறு. தேங்காய் ஓடுகளுக்கு நடுவே சைக்கிள் ஆடி ஆடிப் போனது. பையை முதுகில் மாட்டிய ஷர்மினி, சொன்னபடி கால்களைத் தூக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். நான் காலி டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பார்த்து நின்றேன். கொஞ்ச தூரத்தில் அக்காவின் இடது கை ஹேண்டிலை விட்டுப் பின்னால் வந்தது. மகளின் முழங்காலைத் தொட்டு, கீழே தடவிப் போய், கணுக்காலைப் பிடித்துக்கொண்டது. சாலை முனையில், "ரைட்டு! ரைட்டு!" என்று கத்திக்கொண்டே திரும்பினார். அந்தக் கையை எடுக்கவில்லை.