மீனுக்குப் பேன் பார்த்தோம்

போன வருடம் பங்குனி மாதம். வ. புதுப்பட்டியில் சித்தப்பாவின் தோப்புக்குப் போயிருந்தேன். தோப்புக்கு நடுவே பண்ணைக்குட்டை வெட்டி, ஜிலேபி கெண்டை விட்டிருந்தார். நான் ராஜபாளையத்தில் விலங்கியல் படிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள்.

குட்டையில் மீன்கள் ஓயாமல் துள்ளின. பக்கத்துத் தோப்புக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "எம்புட்டுக் குஷியா இருக்கு பாத்தியாலே!" என்று சித்தப்பாவுக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் சில மீன்கள் செத்து மிதந்தன. அவர் பதறிப்போய், பருத்திக்கு அடித்து மிச்சமிருந்த பூச்சிமருந்தை எடுத்துவந்தார். ஆடுகள் தண்ணீர் குடிப்பதும் அந்தக் குட்டையில்தான்.

"செத்த பொறுங்க சித்தப்பா" என்று கெஞ்சி, ஒரு மீனைப் பிடித்து வாளியில் விட்டேன். அதன் வயிற்றோரம் ஒரு செதில் நகர்ந்தது. செதில் எப்படி நகரும்? செல்போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடி போல வட்ட உடம்பு, இரண்டு கறுப்புக் கண்கள், ஒட்டிக்கொள்ளக் கிண்ணம் மாதிரி இரண்டு உறுப்புகள். மீன் பேன்! ஜிலேபி கெண்டைக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கே ஆற்று மீன்களில் இந்தப் பேனுக்குச் சொந்தக்காரப் பேன்கள் ஏராளம் என்று படித்திருந்தேன். ஆக, மீன்கள் துள்ளியது குஷியில் இல்லை, அரிப்பில்!

சித்தி சிரித்தார். "மீனுக்குப் பேன் பாக்கத்தான் காலேசுக்குப் போறியாக்கும்? பேன்சீப்பு எடுத்தாரவா?" சிரித்தவர் சட்டென்று கேட்டார்: "ஆமா, பேன் இருந்தா ஈரு இருக்கணுமே, அது எங்க?"

கல்லூரி ஆசிரியைக்குப் போன் போட்டேன். மீன்மேல் இருக்காது, தண்ணீருக்குள் கிடக்கும் கல்லிலும் குச்சியிலும் தேடு என்றார். மோட்டார் பைப்புக்கு முட்டுக்கொடுத்திருந்த மூங்கிலை உருவினோம். அடியில் வரிவரியாக முட்டைகள். சித்தி பழக்கதோஷத்தில் ஒன்றை நகத்தால் நசுக்கி, "ஈரேதான்!" என்றார்.

சித்தப்பா மருந்து டப்பாவைக் கீழே வைத்தார். "இந்த மாசம் பாப்பேன். பொறவு ஊத்திருவேன்."

பேன்கள் முட்டையிடட்டும் என்று பழைய பலகைகளைக் குட்டையில் இறக்கினோம். நான் கல்லூரிக்குத் திரும்பிய பிறகு, சித்தப்பாவும் சித்தியும் வாரம் ஒருமுறை அவற்றை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த முட்டைகளை வெயிலில் காயவிட்டு, மறுபடி இறக்கினார்கள். இடையில் இன்னும் சில மீன்கள் செத்தன. வீடே என் பேச்சை நம்பி நின்றது அதுதான் முதல் தடவை. தப்பாகிப்போனால் என்ன செய்வது என்று பாடத்தில் மனம் ஓடவில்லை.

மாதக் கடைசியில் போனேன். குட்டை அசைவில்லாமல் கிடந்தது. எல்லாம் செத்துப்போயிற்றோ என்று கரையில் குனிந்து தேடினேன். சித்தப்பா ஒரு கை தவிட்டை வீசினார். தண்ணீரே கறுக்கும்படி மீன்கள் மேலே வந்தன.

இப்போதும் எங்கே மீன் துள்ளினாலும், ரசிப்பதற்கு முன்னால் அதற்கு எங்கே அரிக்கிறதோ என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.