தையலைத் தேடி வந்த வேன்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு அப்போது ஒன்று சொல்வேன்: ஆபரேஷன் என்பது தியேட்டரோடு முடிவதில்லை. வார்டுக்குச் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

நாலு வயது இசக்கியம்மாளுக்கு அடிக்கடி காய்ச்சல். கீழே இறங்க வேண்டிய சிறுநீர், சிறுநீர்ப்பையிலிருந்து மேலே கிட்னிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ரிஃப்ளக்ஸ் என்போம். விட்டால் கிட்னி கெடும். டாக்டர் வயிற்றைக் கிழிக்கவில்லை. சிறுநீர் போகும் வழியாகவே மெல்லிய ஸ்கோப்பை விட்டு, கிட்னிக் குழாய் பையில் திறக்கும் இடத்தில் ஊசியால் ஜெல் ஏற்றினார். அங்கே சின்ன மேடு எழும்பி, குழாயின் வாயை நெருக்கிப் பிடிக்கும். சாயங்காலம் பிள்ளை எழுந்து இட்லி கேட்டது.

மறுநாள் காலை தச்சநல்லூரிலிருந்து வேன் வந்தது. ஹார்லிக்ஸ், ஆப்பிள், ஏழெட்டுச் சொந்தம். முன்னால் பிள்ளையின் பெரியப்பா, அரிசி மண்டிக்காரர். தம்பி மஸ்கட்டில் இருப்பதால் தம்பி குடும்பத்துக்கும் இவரே அரசாங்கம். வந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

“தையல எங்க?”

“தையல் கிடையாது அண்ணாச்சி,” என்றேன்.

“பொறவு எதுக்கு மயக்க மருந்து குடுத்திய?”

“ஊசி போட.”

“ஊசிய பாக்கவா வேன் புடிச்சு வந்தோம்?”

பின்னால் நின்ற அத்தை ஒருத்தி கையை அகல விரித்தாள். “எங்க மதினிக்குக் கொடல்வாலுக்கு இம்புட்டு நீளம் கிழிச்சாவ. அதுல்லா ஆபரேஷன்.”

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் வார்டுப் பக்கம் போவதுண்டு. ஹார்லிக்ஸைத் திரும்ப எடுத்துப் போகலாமா என்ற யோசனை அவர்கள் முகத்தில் ஓடியதையும் பார்த்தேன்.

டாக்டர் வந்து படம் வரைந்து, பாதி இங்கிலீஷில் விளக்கினார். சிலருக்கு இரண்டாம் தடவையும் ஜெல் தேவைப்படும் என்றார். அண்ணாச்சி மரியாதையாகத் தலையாட்டினார். சரக்கு வேண்டாம் என்று தீர்மானித்துவிட்ட வியாபாரியும் அப்படித்தான் தலையாட்டுவார். பிறகு டாக்டர் பிள்ளையின் தாய் பேச்சியிடம் மட்டும் சொன்னார்: “செக்கப் வரைக்கும், கிருமி வராம இருக்க ராத்திரி குடுக்குற சிரப்ப நிறுத்தக் கூடாதும்மா.”

வீட்டில் அண்ணாச்சி தீர்ப்பு சொல்லிவிட்டார். “காயமே இல்ல, எதுக்கு மருந்து?” சிரப் நின்றது. செக்கப்பும் நின்றது.

சில மாதம் கழித்து பேச்சி மட்டும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். பிள்ளையின் உடம்பு கொதித்தது. காய்ச்சல் அடங்கிய பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். ரிஃப்ளக்ஸ் கொஞ்சம் பாக்கி இருந்தது. கிட்னியில் புதிதாக ஒரு தழும்பு. இன்னொரு தடவை ஜெல் வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அதற்குள் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். “நான் அன்னைக்கே சொன்னம்லா வே. வெட்டியிருந்தா ஒரேயடியா முடிஞ்சிருக்கும்,” என்று என்மேல் பாய்ந்தார்.

பேச்சி அவர் எதிரே குரல் உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை.

“அத்தான், நீங்க தேடுன தழும்பு இப்பம் உள்ள இருக்கு. போதுமா?”

சம்மதக் கையெழுத்தை அவளே போட்டாள். அண்ணாச்சி போனைக் காதில் வைத்துக்கொண்டு பைய வெளியே போனார். மணி அடித்ததாக எனக்குக் கேட்கவில்லை.

இரண்டாவது ஜெல் பிடித்துக்கொண்டது. தழும்பு போகாது. இனி ஒன்று விழாமல் பார்க்கலாம், அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் அன்று, வீட்டில் மருந்து கொடுப்பவர் யார் என்று கேட்பது எங்கள் வழக்கம். அதன் பிறகு, மருந்தை நிறுத்துபவர் யார் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அறையில் இருக்கும் ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் நின்றுகொண்டிருப்பாள்.