பெண்ணாகிப்போன மாப்பிள்ளை

மீன்குஞ்சுப் பண்ணையில் அவளைப் பம்பரம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தொட்டி கழுவ வந்து, தாய்மீன்களைக் கவனிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தவள். உயர்ந்த பிறகும் ஓரிடத்தில் நிற்க மாட்டாள்.

அந்தப் பருவத்தில் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. கொடுவா மீன்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி முட்டை விடத்தான் செய்தன. ஆனால் நல்ல முட்டை மிதக்கும். இவை வெளுத்துப்போய் அடியில் படிந்தன. கருக்கூடவேயில்லை. தண்ணீரின் உப்பைப் பார்த்தாள், சூட்டைப் பார்த்தாள், தீனியை மாற்றினாள். அடுத்த அமாவாசைக்கும் அதே கதை.

"சாப்பாட்டை ஆறவிட்டு எங்க பாக்குற?" என்றார் தையல்காரரான அவள் கணவர்.

"முட்டையெல்லாம் வீணாப் போகுதுங்க."

"பொண்ணு மேல குறையில்லன்னா மாப்பிள்ளையைப் பாரு," என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி.

அவளுக்குச் சுருக்கென்றது. தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரே ஆண். இன்னொன்று போன வருடம் செவுள் நோயில் செத்திருந்தது. பழகிய முகம்தானே என்று அதை இந்தப் பருவம் சோதிக்காமல் விட்டிருந்தாள்.

காலையில் அதை மயக்க மருந்து கலந்த தண்ணீரில் கிடத்தி வயிற்றை நீவினாள். விந்து ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினாள். குழாயில் ஏறியவை முட்டைகள்.

கொடுவா ஆணாக வளர்ந்து, பருத்தபின் பெண்ணாக மாறும் மீன். தெரிந்த விஷயம்தான். தன் கண்முன்னாலேயே மாறியதைக் கோட்டைவிட்டோமே என்றுதான் தன்னையே நொந்துகொண்டாள்.

"மாப்பிள்ளை பொண்ணாயிட்டாருங்க," என்றாள் முதலாளியிடம்.

அவர் தலையில் கைவைத்தார். "பௌர்ணமிக்கு நாள் குறிச்சாச்சு. இப்போ மாப்பிள்ளைக்கு எங்க போறது?"

"கடல்ல கூண்டு கட்டி வளக்கிறாங்களே, அங்க இளசா கிடைக்கும். நானே பாத்து எடுத்துட்டு வரேன்."

படகு ஆட ஆட, மீன் மீனாக வயிற்றை அழுத்தினாள். விந்து பாலாகச் சொட்டியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் வாளி மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"அக்கா, நீங்க பாக்குற பார்வையிலயே அதுங்க செத்துடப் போகுது," என்றார் படகுக்காரர்.

புது ஆண்கள் தொட்டிக்குப் பழகுவதற்குள் ஒரு பௌர்ணமி வீணாயிற்று. அவளுக்குத் தூக்கம் தொலைந்தது. அமாவாசை கழிந்த காலையில் வலையில் சேர்ந்த முட்டைகளைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். கொஞ்சம் அடியில் படிந்தது. மற்றதெல்லாம் பளிங்கு மணிகளாக மேலே நின்றது.

முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. குவளையும் கையுமாகப் பொரிக்கும் தொட்டியை நோக்கி நடந்துகொண்டே, "தொட்டிக்குள்ள விடுற காத்தைக் குறைச்சு வைங்கப்பா, முட்டை அடிபடும்," என்று அங்கிருந்த ஆட்களுக்குக் குரல் கொடுத்தாள்.