பகற்பண்

கண்டிக் கோயில் மண்டபத்தில் நேற்று மாலை எங்கள் பண்ணிசை ஆசிரியைக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. மாலையிட்ட படத்தருகே சுருதிப்பெட்டி ஒலித்ததும், மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தின் ஈரக்கொழுந்து வாசம் நெஞ்சில் ஏறியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஆசிரியை, மாலையில் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வரும் பெண்களுக்குத் தோட்டத்துக் கோயிலில் பதிகம் கற்பித்தார். அவர்களில் ஒருவரான என் அம்மா விரும்பிய பண்ணை மட்டும் சொல்லித்தர மறுத்தார்.

"அது பகற்பண். பொழுதுபட்டாப் பிறகு பாடக்கூடாது."

"பகல்ல நாங்க மலையில நிக்கிறோமே டீச்சர். எங்களுக்கு ஏது பகல்?"

ஆசிரியை மறுநாள் தேநீர் இடைவேளையில், சுருதிப்பெட்டியைச் சுமந்தபடி மலையேறி வந்தார்.

"அட்டை ரெண்டு காலையும் குடிச்சுப்போட்டுது. கெதியாப் பாடுங்கோ!" என்று அவசரப்படுத்தினார்.

"டீச்சர் ரத்தம் இனிக்குது போல!" என்று சிரித்த அம்மா, கூடையை இறக்காமலே பாடினார்.

மறு ஆண்டே அம்மா இறந்தார். விளக்கேற்றியபின் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்த ஆசிரியை, அம்மாவின் தலைமாட்டில் அமர்ந்து அந்தப் பகற்பண்ணையே பாடினார். அவர் முறை தவறியது அந்த ஒரு நாள்தான்.

நேற்றும் விளக்கேற்றியபின்தான் என்னைப் பாட அழைத்தார்கள். என் வாயில் எழுந்தது அதே பண். அதட்ட ஆசிரியை இல்லை.