சிவப்பில் நின்ற கூடு

எண்பத்தொன்றில் கலியாணம் முடித்து மேர்சி அக்கா குருநகருக்கு வந்தபோது, எங்கள் சந்தியில் ஒரு வாகை மரமும் சைக்கிள் திருத்தும் கடையும்தான் இருந்தனவாம். சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது மரம் இல்லை. அந்த இடத்தில் மண்மூட்டைக் காவலரண். அடுத்த வருசம் அவருடைய கணவர் லெனாட் அண்ணை கடலுக்குப் போனார், வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

சேமக்காலையில் புதைத்த குழி இல்லாதவருக்கு எங்கே தீர்த்தம் தெளிப்பது? திருநாளன்று அந்தோனியாரின் சுரூபத்தை வைத்துத் தெருவழியே தள்ளி வரும் கூடு சந்தியில் தரித்து நிற்கும். அப்போது பாதர் லெனாட் அண்ணையின் பெயரைச் சொல்லி அக்காவின் வாசலில் தெளிப்பார். வருசத்தில் அந்த ஒரு தடவைதான்.

காவலரண் போனது. தெருவை அகலமாக்க அக்காவின் மதில் உள்ளே வந்தது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவரோடு ஒரு சுப்பர் மார்க்கெட் எழும்பியது. திறந்த அன்றே அக்கா உள்ளே போய் நின்றுவிட்டு வந்து, “ஐயோ, குளிருதடி!” என்று சிரித்தார். இந்த வருசம் சிக்னல் லைற் பூட்டியபோதும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

ஆனால் திருநாளுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிவில் புதுப் பாதர் அறிவித்தார்: “லைற் பூட்டினபடியால் இனிச் சந்தியிலை கூடு தரிக்காது. பொலிஸ் வாகனங்களை மறிச்சுத் தருவினம். நிக்காமல் கடக்கவேணும்.”

அக்காவோ திருநாளன்று பின்னேரம் வழக்கம்போல வாசலில் மேசை வைத்து, வெள்ளை விரித்து, மெழுகுதிரி ஏற்றினார். எதிர்க்கடை இராசசிங்கம் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“மேர்சி, கூடுதான் நிக்காதே! மேசையிலை தேத்தண்ணியை வை பிள்ளை, சனமாவது நிக்கும்.”

“நீங்கள் உங்கடை வாழைக்குலையைப் பாருங்கோ அண்ணை. பழுத்து விழுகுது!”

சொல்லிவிட்டு, காற்றில் அணைந்த திரியை அக்கா மறுபடி ஏற்றியதை மதிலோடு நின்ற நான் கண்டேன்.

சீனவெடி கேட்டது. பாண்ட் வாத்தியம், செபமாலை சொல்லும் பெண்கள், பின்னால் மின்விளக்கு மின்ன மின்னக் கூடு, அதன் பக்கத்தில் பாதர். சந்தியின் நடுவில் நின்ற பொலிஸ்காரர் வாகனங்களை மறித்து, “வாங்க, வாங்க” என்று கையை வீசினார். கூட்டின் முன்பிடியைப் பிடித்து வந்தவன் எமில்ராஜ், பகல் முழுக்க ஓட்டோ ஓடுகிறவன். அக்காவின் மேசைக்கு நேரே வரவும் லைற் சிவப்பாக விழுந்தது.

எமில்ராஜ் காலை ஊன்றி நின்றேவிட்டான்!

பின்னால் தள்ளி வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டினார்கள். “அருள்நிறைந்த மரியே” செபம் பாதியில் அறுந்தது.

“ஏன்டா நிண்டனி?”

“சிவப்பெல்லே!”

“அறுவானே, அந்தோனியாருக்கும் சிவப்போ?”

சந்தியே வெடித்துச் சிரித்தது. எமில்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டு பிடியை மறுபடி இழுத்தான். அதற்குள் அக்கா கூட்டின் முன்னால் பாய்ந்துவிட்டார்.

“பாதர், நிண்டது நிண்டிட்டுது. என்ரை மனுசனுக்குத் தெளிச்சிட்டுப் போங்கோ!”

பாதர் மெழுகுதிரியைப் பார்த்தார், பொலிஸ்காரரைப் பார்த்தார். பிறகு கூட வந்த பையனிடம் தீர்த்தச் செம்பை வாங்கி, “லெனாட்” என்று உரக்கச் சொல்லித் தெளித்தார்.

“பச்சை விழுந்திட்டுது!” என்று யாரோ கத்தினார்கள். ஒருவரும் அசையவில்லை. செபமாலைக் கூட்டத்திலிருந்து கிறிஸ்ரினா ஓடி வந்தாள். “பாதர், என்ரை அண்ணையின்ரை பேரையும்! அவருக்கும் குழி இல்லை.” அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். அக்கா அவர்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

லைற் மறுபடி சிவந்தது, மறுபடி பச்சையானது. பொலிஸ்காரர் தலையைச் சொறிந்துவிட்டு, காத்துநின்ற மோட்டார் சைக்கிள்களை மற்றத் தெருவால் திருப்பிவிடத் தொடங்கினார்.